போன் எத்தனை இன்ச் என்று கேட்காதீர்கள்: கைக்கும் பைக்கும் ஏற்ற அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேலூரில் எந்த செல்போன் கடைக்குள் ஏறினாலும் முதலில் காதில் விழுவது ரேம், ஜிபி, மெகாபிக்சல். அதற்கு அடுத்து, "டிஸ்ப்ளே பெருசு சார், 6.7 இன்ச்". சரி, அகலம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் முதலில் உங்களைப் பார்ப்பார், அப்புறம் போனைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் சட்டைப்பையில் போன் வைக்கும் அப்பா, ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகும் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள் என மூன்று பேரில் ஒருவருக்குப் பொருந்திய அளவு மற்றவருக்குப் பொருந்தவில்லை. ஆரணி சாலையிலும் காட்பாடியிலும் கடை கடையாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கேமரா, பிராசஸர் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. இங்கே அளவு மட்டும்தான் பேச்சு, அதோடு அளவினால் வரும் செலவும்.

1. இன்ச் கணக்கை ஓரமாக வையுங்கள்

பெட்டியில் போட்டிருக்கும் 6.5, 6.7 என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை குறுக்காக அளந்த நீளம். ஒரு இன்ச் என்பது 2.54 சென்டிமீட்டர். ஆக 6.7 இன்ச் என்றால் சுமார் 17 சென்டிமீட்டர். இந்த ஒற்றை எண்ணை வைத்துப் போனின் அகலத்தையோ கனத்தையோ சொல்லிவிட முடியாது. போதாக்குறைக்கு, வளைந்த மூலைகளையும் கூர்மையான மூலையாகப் பாவித்துத்தான் நிறுவனங்கள் அளக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் பரப்பு அதைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

பழைய போன்களின் திரை 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருந்தது. இப்போது பெரும்பாலும் 20-க்கு 9. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய 5.5 இன்ச் திரையின் அகலம் சுமார் 68.5 மில்லிமீட்டர். இன்றைய 6.5 இன்ச் திரையின் அகலம் சுமார் 68 மில்லிமீட்டர். ஒரு இன்ச் கூடியிருக்கிறது, அகலம் கூடவில்லை. கூடியது எல்லாம் உயரத்தில்தான்.

வீடியோ பார்க்கத்தான் பெரிய போன் வேண்டும் என்பவர்கள் இதைக் கவனியுங்கள். யூடியூபில் வரும் சாதாரண வீடியோ 16-க்கு 9 அளவில் இருக்கும். போனைப் படுக்கை வசமாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். 20-க்கு 9 விகிதத்தில் உள்ள 6.7 இன்ச் போனில் அந்த வீடியோ தெரிவது சுமார் 5.6 இன்ச் அளவுக்கு. 19.5-க்கு 9 விகிதத்தில் உள்ள 6.1 இன்ச் போனில் சுமார் 5.2 இன்ச். வித்தியாசம் 0.4 இன்ச். நிமிர்த்திப் பிடித்துச் செய்தி படித்தாலும் இரண்டுக்கும் வரியின் அகலம் 5 மில்லிமீட்டர்தான் வேறுபடும். இதற்காகவா தினமும் 30, 40 கிராம் கூடுதலாகச் சுமப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு: அகலம் மில்லிமீட்டரில், எடை கிராமில். இரண்டும் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் இருக்கும். கடைக்குப் போகும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு அடையாளத்துக்குச் சில மாடல்கள். சாம்சங் கேலக்ஸி எஸ்24 அகலம் 70.6 மிமீ, எடை 167 கிராம். ஐபோன் 15 அகலம் 71.6 மிமீ, எடை 171 கிராம். கேலக்ஸி ஏ15 அகலம் 76.8 மிமீ, எடை 200 கிராம். ஐபோன் 15 பிளஸ் 77.8 மிமீ, 201 கிராம். கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா 79 மிமீ, 232 கிராம். நான் வைத்திருக்கும் கோடு இது: 72 மில்லிமீட்டர் வரை ஒரு கையால் ஓட்டலாம், 76-ஐத் தாண்டினால் இரண்டு கையும் வேண்டும். இடையில் இருப்பதை அவரவர் கைதான் சொல்ல வேண்டும்.

2. வீட்டிலேயே அட்டை வெட்டிப் பாருங்கள்

பழைய செருப்புப் பெட்டி ஒன்றை எடுங்கள். நம் பக்கத்தில், அதிலும் ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில், அதற்குப் பஞ்சமே இருக்காது. நீங்கள் நினைத்திருக்கும் மாடலின் உயரம், அகலத்துக்கு அட்டையை வெட்டி, தடிமனுக்கு ஏற்ப மூன்று நான்கு அட்டைகளை ஒட்டுங்கள். இரண்டு மாடல் மனதில் இருந்தால் இரண்டு அட்டை.

பிறகு அதைக் கையில் பிடித்து, கட்டைவிரலை நீட்டி எதிர்ப்பக்க மேல் மூலையைத் தொடப் பாருங்கள். எட்டவில்லை என்றால் பரவாயில்லை, இன்றைய போன்களில் அது யாருக்குமே சிரமம்தான். ஆனால் எதிர்ப்பக்க ஓரத்தின் நடுப்பகுதியாவது பிடியை மாற்றாமல் எட்ட வேண்டும். எட்டவில்லையா, பேருந்துக் கம்பியை ஒரு கையில் பிடித்தபடி இன்னொரு கையால் போன் பார்ப்பது நடக்காது.

கத்தரிக்கோல் எடுக்கச் சோம்பலாக இருக்கிறதா? 500 ரூபாய் நோட்டை எடுங்கள். அதன் நீளம் 150 மிமீ, அகலம் 66 மிமீ. கேலக்ஸி எஸ்24 அளவு போன் அந்த நோட்டைவிட 3 மிமீ குட்டை, 4.6 மிமீ அகலம். பட்ஜெட் போன்கள் பெரும்பாலும் 160 மிமீக்கு மேல் உயரம், 76 மிமீக்கு மேல் அகலம். அதாவது நோட்டைவிட ஒரு சென்டிமீட்டர் உயரம், ஒரு சென்டிமீட்டர் அகலம். நோட்டை மடிக்காமல் சட்டைப்பையில் செருகிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

எடைக்கு ஒரு வழி: மளிகைக் கடையில் கிடைக்கும் 200 கிராம் பருப்புப் பாக்கெட். அதை அட்டையோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, இரவில் படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பத்து நிமிடம் பிடியுங்கள். சுண்டுவிரல் தாங்குகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், கடையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்ப்பதில் இது தெரியாது.

3. எங்கே வைப்பீர்கள்?

கடையில் யாரும் கேட்காத கேள்வி இது. என் கணக்கில் கை எட்டுவதற்கு அடுத்தபடி முக்கியமானது.

வேட்டி கட்டுபவர்களுக்கு சட்டைப்பைதான் ஒரே இடம். பெரிய போனை அதில் வைத்தால் மேலே இரண்டு விரல்கடை துருத்திக்கொண்டு நிற்கும். செருப்பு மாட்டக் குனிந்தால், கோயிலில் விழுந்து கும்பிட்டால், அடிபம்பில் முகம் கழுவினால், முதலில் கீழே விழுவது போன்தான். அகலம் 72-க்குள், எடை 180 கிராமுக்குள் இருந்தால் ஓரளவு நிற்கும். அதற்கு மேல் போவதானால் கழுத்தில் மாட்டும் கயிறு வைத்த பவுச் வாங்கிவிடுங்கள். அப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம். முதலில் முறைத்தார், இப்போது பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாங்கித் தரச் சொல்கிறார்.

புடவை, சுடிதாருக்குப் பை கிடையாது, அல்லது இருந்தும் இல்லாத மாதிரி. கைப்பையில்தான் போன் போகும். அப்படியானால் உயரமும் எடையும் பெரிய பிரச்சினை இல்லை, அகலம்தான் பிரச்சினை. நேதாஜி மார்க்கெட்டில் ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் போனை எடுத்து க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து, தொகை போட்டு, பின் நம்பர் அடிக்க வேண்டும். எல்லாம் ஒரே கையால். 77 மிமீ போனில் இதைச் செய்யும்போது பையைக் கீழே வைத்துத்தான் ஆக வேண்டும்.

வேலை செய்யும் இடத்தில் போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போகும் கம்பெனிகள் உண்டு. உங்களுக்கு அப்படியென்றால் பகல் முழுக்க போன் தொடாமல் கிடக்கும். கம்பெனி பஸ்ஸில் போக வர மட்டும்தான் பயன்பாடு. அதற்கு 6.8 இன்ச் எதற்கு?

பைக்கில் மேப் பார்த்து ஓட்டுபவர்கள், குறிப்பாக டெலிவரி வேலை செய்பவர்கள், இதற்கு நேர்மாறு. ஓட்டும்போது ஒரு பார்வையில் தெரிய வேண்டும் என்றால் பெரிய திரை உதவும். ஆனால் ஹோல்டரில் கனமான போன் ஆடும். ஹோல்டர் வாங்கும்போது எந்த அகலம் வரை பிடிக்கும் என்று பவுச் மாட்டிய போனை வைத்தே பாருங்கள். இன்னொன்று: பைக் இன்ஜினின் தொடர் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. நல்ல கேமரா போனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள்.

ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினமும் சென்னை போய் வருபவர்களுக்கு, படிப்பு வீடியோ பார்க்கும் மாணவர்களுக்கு, போனிலேயே எக்செல் திறந்து கணக்குப் பார்க்கும் கடைக்காரர்களுக்கு, பெரிய போன் நியாயமான தேர்வுதான். வீட்டில் லேப்டாப்போ டேபோ இருந்தால் அந்த நியாயம் பாதியாகக் குறைந்துவிடும்.

4. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு

"அம்மாவுக்குக் கண் தெரியலை, பெரிய போனா வாங்கிக் கொடுங்க" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. வெள்ளெழுத்து வந்தவருக்கு போன் பெரிதாக இருந்தால் மட்டும் எழுத்து பெரிதாகிவிடாது. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே என்ற இடத்தில் எழுத்து அளவு, திரை அளவு என்று இரண்டு தனித்தனி அமைப்புகள் உண்டு. முதலாவது எழுத்தை மட்டும் பெரிதாக்கும், இரண்டாவது பட்டன், ஐகான் எல்லாவற்றையும் பெரிதாக்கும். இப்போது கையில் இருக்கும் போனிலேயே இரண்டையும் கூட்டி ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். அதுவே போதும் என்றால் 15,000 ரூபாய் மிச்சம்.

அப்படியும் படிக்க முடியவில்லை என்றால் போன் கடைக்கு முன்னால் கண் பரிசோதனைக்குப் போங்கள். ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, கண்ணாடிக் கடைகளும் நிறைய. கண்ணாடி மாற்றாமல் போன் மாற்றுவது காசுக்குக் கேடு.

பெரிய போனே வேண்டும் என்று முடிவானால், இன்ச்சை விட்டுவிட்டு அகலத்தைப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கும்போது ஒரு வரியில் எத்தனை எழுத்து நிற்கும் என்பதை அகலம்தான் முடிவு செய்கிறது. தமிழில் ஒரு சொல்லே நீளம். "தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது" என்பது பெரிய எழுத்தில் பாதித் திரையைத் தின்றுவிடும். அதனால் 77 மிமீ அகலம் இவர்களுக்கு உண்மையிலேயே உதவும். கை நடுக்கமோ மூட்டுவலியோ இருந்தால் எடை 200 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேசையில் நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்தால் வீடியோ காலுக்கு வசதி.

5. தமிழில் தட்டச்சு செய்பவரா?

ஆங்கில விசைப்பலகையில் மேல் வரிசையில் 10 எழுத்து. தமிழ் எழுத்துகளை நேராக அடிக்கும் தமிழ்99 விசைப்பலகையில் மேல் வரிசையில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ, ள, ற, ன, ட, ண, ச, ஞ என 12 எழுத்து. 68 மிமீ திரையில் ஆங்கில விசை ஒன்றுக்கு 6.8 மிமீ கிடைக்கும், தமிழ்99-க்கு 5.7 மிமீதான். விரல் தடித்தவர்களுக்கு இது பெரிய வித்தியாசம், ற அடித்தால் ன விழும். அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுபவர்களுக்கு, குரலில் சொல்லி எழுத வைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தமிழ்99 பழகியவர்கள் கடையில் டெமோ போனில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து நாலு வரி அடித்துப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் விசைப்பலகையின் உயரத்தைக் கூட்டலாம், அகலத்தைக் கூட்ட வழியில்லை.

6. பட்ஜெட்டுக்குள் சின்ன போன் கிடைக்குமா?

இங்கேதான் பலர் ஏமாந்து திரும்புவார்கள். 15,000 ரூபாய்க்குள் புதிதாகக் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே 6.5 இன்ச்சுக்கு மேல். கைக்கு அடக்கமான போன் இப்போது விலை கூடிய சரக்கு. வன்பிளஸ் 13எஸ், 6.32 இன்ச், 71.7 மிமீ அகலம், 185 கிராம், இந்தியாவில் 2025 ஜூனில் வந்தபோது தொடக்க விலை 54,999 ரூபாய். சின்ன போன் என்றால் பேட்டரி நிற்காது என்ற பழைய பேச்சை அது மாற்றியிருக்கிறது. அதில் 5850 எம்ஏஎச் பேட்டரி. ஒப்பிட்டால், கேலக்ஸி எஸ்24-இல் 4000 எம்ஏஎச்தான். ஆகவே சின்ன போன் பார்க்கும்போது பேட்டரி எண்ணைத் தனியாகக் கவனியுங்கள்.

அவ்வளவு பணம் இல்லை என்றால் மூன்று வழி. ஒன்று, பட்ஜெட் போன்களுக்குள்ளேயே அகலமும் எடையும் குறைந்ததைப் பொறுக்குவது. ஒரே விலையில் 192 கிராமும் இருக்கும், 210 கிராமும் இருக்கும், பார்த்தால் தெரியும். இரண்டு, பெரிய போனை வாங்கி ஒரு கைப் பயன்முறையைப் போட்டுக்கொள்வது. ஆண்ட்ராய்டு 12-லிருந்து பெரும்பாலான போன்களில் இது உண்டு, திரையை விரல் எட்டும் தூரத்துக்கு இறக்கிக் கொடுக்கும். கை எட்டாத சிக்கல் தீரும், கனம் தீராது.

மூன்றாவது, பழைய போன். இதில் கண்ணி நிறைய. ஐபோன் 13 மினி போன்ற 64.2 மிமீ அகலப் போன்கள் இப்போது உற்பத்தியில் இல்லை, பழையதாகத்தான் கிடைக்கும். வாங்குமுன் விற்பவரிடம் அசல் பில், பெட்டி, அடையாள அட்டை நகல் மூன்றையும் கேளுங்கள். போனில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கு மட்டும் உரிய அடையாள எண், வரும். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, அந்த 15 இலக்க எண், இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் பார்க்கலாம். திருட்டுப் போனாகத் தடை செய்யப்பட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும். செட்டிங்ஸில் கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட் தேதியையும் பாருங்கள். ஒன்றரை இரண்டு வருடமாக அப்டேட் வராத போனில் வங்கிக் கணக்கை வைக்காதீர்கள்.

மடிக்கும் போன் பற்றியும் கேட்பார்கள். கேலக்ஸி இசட் ஃபிளிப்5 மடித்தால் 85.1 மிமீ உயரம்தான், சட்டைப்பையில் அழகாக உட்காரும். ஆனால் மடித்த தடிமன் 15.1 மிமீ, எடை 187 கிராம். உள் திரை உடைந்தால் ஆகும் செலவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். தூசியும் வெயிலும் உள்ள வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

7. கடையில் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

மாலை ஆறு மணிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை, சம்பள வாரம், இந்த நேரங்களில் கடைக்குப் போகாதீர்கள். நிம்மதியாகப் பிடித்துப் பார்க்க விடமாட்டார்கள். வார நாளில் காலை நேரம் நல்லது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் டம்மி பீஸ் வெறும் கூடு, எடை வேறாக இருக்கும். ஓடுகிற டெமோ பீஸையே கேளுங்கள். அதுவும் திருட்டுத் தடுப்புக் கயிற்றில் கட்டியிருந்தால் கனம் சரியாகத் தெரியாது. பெரும்பாலான கடைகளில் பொறுமையாகக் கேட்டால் அவிழ்த்துக் கொடுப்பார்கள்.

அடுத்து பவுச். இதை யாரும் யோசிப்பதில்லை. ரப்பர் பவுச் போட்டால் பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மிமீ கூடும். தடிமனான அதிர்ச்சி தாங்கும் பவுச் என்றால் இன்னும் அதிகம், எடையும் 30 கிராம் வரை ஏறும். 72 மிமீ என்று ஆசையாக வாங்கிய போன் வீட்டுக்கு வரும்போது 75 ஆகியிருக்கும். அதனால் பவுச் மாட்டியே பிடித்துப் பாருங்கள். டெம்பர்ட் கிளாஸும் ஒட்டப் போகிறீர்கள் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

போனை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் காட்டுங்கள். நம் ஊர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அப்போது திரை தெரிகிறதா என்பது 6.1-ஆ 6.7-ஆ என்பதைவிட முக்கியம். வாசல் வரை எடுத்துப் போகக் கடைக்காரர் தயங்கினால் அவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் விற்காத மாடலாக இருந்தால், அதற்குப் பவுச்சும் கிளாஸும் இங்கே கிடைக்குமா என்று அதே கடையில் கேளுங்கள். சின்ன போன்களில் இது அடிக்கடி நடக்கும்: போன் இருக்கும், பவுச் இருக்காது. ஆன்லைனில் ஆர்டர் போட்டு வரும்வரை வெறும் போனோடு திரிய வேண்டும். அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் வேலூரில் உள்ளதா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் நிறுவன இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டருக்கே போன் போட்டுக் கேட்கலாம், சொல்வார்கள்.

8. செலவும் காகிதங்களும்

பெட்டி மேல் உள்ள விலை முழு விலை அல்ல. பவுச் 150 முதல் 400 ரூபாய், டெம்பர்ட் கிளாஸ் 100 முதல் 300, பெட்டியில் சார்ஜர் இல்லாத மாடல் என்றால் சார்ஜருக்கு 500 முதல் 1,500 வரை. பட்ஜெட்டில் ஆயிரம், இரண்டாயிரத்தை இதற்காக ஒதுக்கி வையுங்கள்.

போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், விலைக்குள்ளேயே அடங்கியது. 15,000 ரூபாய் போனில் 2,288 ரூபாய் வரி. "பில் வேணாம்னா ஐநூறு குறைச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் உங்கள் பெயர், தேதி, கடையின் ஜிஎஸ்டி எண், மாடல் பெயர், ஐஎம்இஐ எண் இவ்வளவும் இருக்க வேண்டும். எஸ்டிமேட் என்று கையால் எழுதிய துண்டுச்சீட்டு எதற்கும் உதவாது. வாரண்டிக்கு இந்தப் பில்தான் ஆதாரம். போன் தொலைந்தால் அதை முடக்கச் சஞ்சார் சாத்தியில் விண்ணப்பிக்கும்போது காவல் நிலையப் புகார் நகலோடு இதையும் கேட்பார்கள். வாங்கிய அன்றே படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். தொலையப் போகும் அதே போனில் மட்டும் வைத்திருந்து பயனில்லை.

தவணையில் வாங்குவதானால் ஆதார், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக் அல்லது ரத்து செய்த காசோலை, ஆதாரோடு இணைத்த செல் நம்பர் வேண்டும். ஓடிபி வர வேண்டும் என்பதால் அந்த நம்பர் உள்ள போன் கையில் இருக்கட்டும். அப்பாவின் ஆதாரில் பழைய நம்பர் இருந்தால் அங்கேயே வண்டி நின்றுவிடும், முதலில் அதைச் சரி செய்துவிட்டுப் போங்கள். வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் செயல்முறைக் கட்டணம் தனியாக இருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் வட்டியும் கட்டணங்களும் சேர்த்த மொத்த வருடாந்திர விகிதம் போட்டிருக்கும், கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காப்பீடு, கூடுதல் வாரண்டி என்று நீங்கள் கேட்காததை பில்லில் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான தளங்களில் போனுக்கு இருப்பது பழுதுக்கான மாற்று மட்டுமே, அதுவும் சில நாட்களுக்குள். "கைக்குப் பெரிசா இருக்கு" என்பதற்குத் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆகவே ஆன்லைனில்தான் விலை குறைவு என்றாலும் கடையில் அதே மாடலைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கடைக்காரரிடம் ஆன்லைன் விலையைக் காட்டினால் சில நேரம் அவரே குறைத்துக் கொடுப்பார், இல்லாவிட்டால் பவுச்சும் கிளாஸும் இனாமாகத் தருவார்.

9. எந்த நாளில் மாற்றுவது?

ஆயுத பூசை, தீபாவளி ஒட்டி ஆபர் வரும். அவசரம் இல்லாதவர்கள் காத்திருக்கலாம். அடுத்த மாடல் வந்ததும் முந்தைய மாடலின் விலை இறங்கும், சின்ன போன் தேடுபவர்களுக்கு இது நல்ல சந்தர்ப்பம்.

புதுப் போனுக்கு மாறும் நாளைத்தான் பலர் கவனிப்பதில்லை. யுபிஐ செயலியைப் புதுப் போனில் திரும்பப் பதிவு செய்தால், முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பும் தொகைக்குக் குறைந்த வரம்பு வைத்திருக்கும் வங்கிகள் பல. கல்லூரிக் கட்டணம் கட்டும் முந்தைய நாள், ஆஸ்பத்திரியில் யாராவது சேர்ந்திருக்கும் சமயம், ஊருக்குக் கிளம்பும் காலை, இந்த நேரங்களில் போன் மாற்றாதீர்கள். சிம் புதுப் போனில் இருந்தால்தான் பதிவு நடக்கும், எஸ்எம்எஸ் அனுப்ப அதில் காசும் இருக்க வேண்டும்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால் கடையிலேயே அவசர அவசரமாக அழிக்க வேண்டாம். முந்தின இரவே வாட்ஸ்அப் பேக்அப், படங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் எடுத்துவிடுங்கள். கடையில் புதுப் போன் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு பழையதில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, ஃபேக்டரி ரீசெட் செய்து கொடுங்கள். கணக்கிலிருந்து வெளியேறாமல் ரீசெட் செய்தால் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டு விழக்கூடும், எக்ஸ்சேஞ்ச் தொகையில் தகராறு வரும். அந்தத் தொகை பில்லிலும் தெரிய வேண்டும்.

10. முதல் வாரம்

பெட்டியைக் கடையின் மேசையிலேயே பிரியுங்கள், பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து திரையில் கரும்புள்ளி, கோடு இருக்கிறதா பாருங்கள். பெரிய திரையில் ஒரு ஓரத்துப் புள்ளி எளிதில் தப்பிவிடும், நாலு மூலையையும் பாருங்கள். பழுது என்றால் மாற்றித் தரும் கெடு குறைவு, அன்றே சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எழுத்து அளவு, ஒரு கைப் பயன்முறை, விசைப்பலகை உயரம் மூன்றையும் அமைத்துவிடுங்கள். அவசர எண்களை முதல் திரையில் கீழ்ப் பகுதியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் சுண்டுவிரலோ மணிக்கட்டோ வலித்தால் முதலில் பவுச்சை மெல்லியதாக மாற்றிப் பாருங்கள், பின்பக்கம் ஒட்டும் மோதிரம் போன்ற பிடியும் உதவும்.

பழுதை மாற்றித் தரக் கடைக்காரரோ தளமோ இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பில் நகல், பிரித்த வீடியோ, கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், புகார் எண் ஒன்று கொடுப்பார்கள், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.